பன்னிரண்டாயிரம் அடியில் இறங்கியவர்

வானம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பது பஸ்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவரை சாலை மட்டுமே அரசாங்கத்துடையது என்று நினைத்திருந்தார். காரணம் உண்டு. சாலை குண்டும் குழியுமாக இருந்தது. வானத்தில் அப்படி எதுவும் அவர் கண்ணுக்குப் படவில்லை.

மலைமேல் இருக்கும் ஊருக்கு அவர் இரண்டு பஸ் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் சரிவு பெயர்ந்து சாலையைத் தின்றுவிட்டது. சீக்கிரம் போட்டுத் தருகிறோம் என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் வந்தவர் அப்படி ஏதும் சொல்லவில்லை. அதன்பிறகு மேலே போக வேண்டும் என்றால் பாதி தூரம் ஜீப், பாதி தூரம் நடை. பஸ்காரர் இரண்டு பஸ்ஸையும் விற்றார், வீட்டையும் விற்றார், பத்தொன்பது பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கினார். ஒரு மரக் கம்பெனி எப்போதோ போட்டு, மரம் தீர்ந்ததும் விட்டுவிட்டுப் போன ஓடுதளம் மேலே கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பஸ்காரரின் மனைவிக்குத் தம்பி ஒருவன். பெரிய கம்பெனி ஒன்றில் விமானியாக இருந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்து, அக்கா வீட்டு சோபாவில் படுத்திருந்தான். விமானம் இருந்தது, ஓட்ட ஆள் இருந்தான், இறக்க இடம் இருந்தது, ஏறுவதற்கு ஒரு ஊரே காத்திருந்தது. இனி விசில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று பஸ்காரர் நினைத்தார்.

மேலே அவர் மகளும் இருந்தாள். அந்த ஊர்ப் பள்ளியில் டீச்சர். கணவன் அங்கேயே மின்வாரியத்தில் லைன்மேன். விமான சேவைக்கு விண்ணப்பம் கொடுத்த வாரம்தான் அவள் போன் செய்து முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள்.

"பிரசவத்துக்கு நம்ம பிளேன்லதாம்மா நீ கீழ வர்ற," என்றார் பஸ்காரர். அப்போது அது பெருமைக்குச் சொன்னது.

வான்வழி அனுமதி ஆணையம் ஏழாவது மாடியில் இருந்தது. மேலே போகும் சகலத்தையும் நிர்வகிக்கும் அந்த அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. பஸ்காரர் ஏறி மூச்சு வாங்கி நின்றபோது இயக்குநர் அவரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். உயரத்துக்குப் போனால் மூச்சு வாங்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்பதுபோல் இருந்தது. மேஜைமேல் ஒரு பொம்மை விமானம். ஒரு பக்க இறக்கை ஒடிந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது.

"என்ன அனுபவம்?"

"பஸ் விட்டிருக்கேன் சார். முப்பது வருஷமா."

"விமான சேவையில?"

"அதுக்குத்தானே சார் அனுமதி கேக்க வந்தேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பஸ்காரரே, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. இந்த ஆணையம் வந்த நாள்லேர்ந்து, நாங்க அனுமதி கொடுத்த புதுக் கம்பெனி விமானம் ஒண்ணுகூடக் கீழ விழுந்ததில்ல."

"எத்தனை கம்பெனிக்கு சார் கொடுத்திருக்கீங்க?"

"இதான். எல்லாரும் இந்தக் கேள்வியத்தான் கேக்கறாங்க. பாதுகாப்பைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க."

"நீங்க எந்தக் கம்பெனில சார் போவீங்க?" என்று பஸ்காரர் மரியாதைக்காகக் கேட்டுவைத்தார்.

"நான் ரயில்லதான் போவேன்," என்றார் இயக்குநர். "உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச ஆள் நான்."

பஸ்காரர் அன்று வீட்டுக்கு வந்து, சார் நல்ல மனுஷர், வெளிப்படையாகப் பேசுகிறார் என்று மனைவியிடம் சொன்னார். அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

அதன்பிறகு மாதங்கள் போயின. மகளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. ஆணையம் ஒவ்வொன்றாகக் கேட்டது. வழியில் குளம்கூட இல்லாத மலைப்பாதைக்கு மிதவை அங்கி கேட்டது. வாங்கி வைத்தார். தொலைந்த பெட்டிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவு ஒன்று வேண்டும் என்றது. விமானம் நிறுத்தும் கொட்டகையின் மூலையில் ஒரு மேஜை போட்டுப் பலகை மாட்டினார். அந்தப் பிரிவு வேலை செய்கிறது என்று நிரூபிக்க ஒரு பெட்டியைத் தொலைத்துக் காட்டச் சொன்னார்கள். பஸ்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளை வேண்டுமென்றே தொலைத்தார். கொட்டகையே ஒரு சின்ன இடம் என்பதால் அது மத்தியானமே கிடைத்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் கிடைத்தால் அது தொலைந்ததாகாது என்று ஆணையம் எழுதியது. பரிசோதனைக்குப் பெட்டியைத் தங்களிடமே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். அங்கே போய் அது ஒழுங்காகத் தொலைந்தது. அந்தப் பிரிவுக்கு ஒப்புதல் கிடைத்தது.

மலையூர் நர்ஸ் ஒருநாள் போன் செய்தாள். மகளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே போகிறது, ஜீப்பிலும் கல்லிலும் உருட்டிக் கொண்டுபோகக் கூடாது, இங்கே பிரசவம் வைத்துக்கொண்டு ஏதாவது ஆனால் அறுக்க டாக்டர் கிடையாது, மழைக்கு முன் கீழே இறக்கிவிடுங்கள் என்றாள்.

பஸ்காரரின் மனைவி தட்டை நங்கென்று வைத்தாள். "ஊருக்கே பிளேன் விடறேன்னீங்க. பெத்த பொண்ணு ஒருத்தியக் கீழ எறக்க வக்கில்ல."

"கடைசிச் சோதனை ஒண்ணுதான் பாக்கி."

"இதையே போன மாசமும் சொன்னீங்க." பிறகு சோபா பக்கம் திரும்பினாள். "இவன் வேற. பைலட்டாம். எதுக்கு, இந்த சோபாவுக்கா?"

"அக்கா, சோபாவுக்குக்கூட அனுமதி வாங்கணும்னு சொல்லுவாங்க, சத்தமாப் பேசாத," என்றான் தம்பி.

கடைசிச் சோதனைக்குப் பெயர் மாதிரிப் பயணம். ஒரு முழுப் பயணத்தை நடத்திக் காட்டாதவருக்கு அனுமதி கிடையாது. அனுமதி இல்லாத விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. இதில் ஒரு சிக்கல் இருப்பதை ஆணையம் பல வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துத் தீர்த்தும் வைத்திருந்தது. மாதிரிப் பயணம் தரையிலேயே நடக்கும். எஞ்சின் ஓடாது. விமானம் கொட்டகைக்கு முன்னால் நிற்கும். ஆணையத்தார் பயணிகளாக உட்கார்வார்கள். மற்றதெல்லாம் நிஜம். இந்த விதி பெரிய விமானங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதனால் அரை மணிநேர மலைப் பயணத்தைக் காலை முழுவதும் நின்றபடி செய்ய வேண்டியிருந்தது.

இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்தார். பத்தொன்பது இருக்கையும் நிறைந்தது. விமானி, எழும்பிவிட்டோம் என்று அறிவித்தான். சிலர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார்கள். ஆறாயிரம் அடி என்றான். பன்னிரண்டாயிரம் அடி என்றான். தகரமும் வெயிலும் சேர்ந்து உள்ளே வெந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய் வந்து சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஆணையத்தார் அதைப் பார்க்காததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த உயரத்தில் நாய் இருக்க முடியாது.

மூத்த ஆய்வாளர் எழுந்து கதவோரம் நின்ற பஸ்காரரிடம் வந்தார். புதுச் சேவைகளுக்கு அனுமதிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் ஆணையத்தில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. அவருக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு. விமானத்தில் கழிப்பறை இல்லை.

"கொஞ்சம் எறங்கணும்," என்றார் மெதுவாக.

இந்தச் சொல்லை முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய கை பஸ்காரருடையது. அவரைக் கேட்காமலே எழுந்து விமானத்தின் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டியது. "ஹோல்டான், ஆள் எறங்குது," என்றது வாய். கதவைத் திறந்தார், படியை இறக்கினார். "பாத்து சார், கீழ கல்லு கெடக்கு."

ஆய்வாளர் இறங்கிக் கொட்டகைக்குப் பின்னால் போனார்.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். "அவர் எங்க?"

"ஒண்ணுக்குப் போயிருக்கார் சார்."

"எங்க?"

"வெளிய."

இயக்குநர் விமானி அறையைப் பார்த்தார். "இப்ப என்ன உயரத்துல இருக்கோம்?"

விமானி தலையைப் பிடித்துக்கொண்டான். "பன்னிரண்டாயிரம் அடி சார்."

ஆய்வாளர் கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்து படியில் கால் வைத்தார்.

"ஏறாதீங்க," என்றார் இயக்குநர்.

"சார்?"

"நீங்க செத்துட்டீங்க."

ஆய்வாளர் ஒரு நொடி யோசித்தார். விதி தெரிந்தவர். காலை எடுத்துக்கொண்டார். அந்த உயரத்தில் கதவு திறந்தால் உள்ளே இருக்கும் பதினெட்டுப் பேருக்கும் மூச்சு நின்றிருக்க வேண்டுமே என்று பின்வரிசையில் ஒருவர் எடுத்துச் சொன்னார். அது தனக்கும் பொருந்தும் என்பதால் இயக்குநர் அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார். இறந்தவருக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். இறந்தவரும் கீழே வெயிலில் தலை குனிந்து நின்றார்.

இப்படியாக, ஒரு தடவைகூடப் பறக்காத பஸ்காரரின் விமானம் ஒரு உயிரைப் பலி வாங்கியது.

விசாரணைக் குழு அமைத்தார்கள். அது முடியும்வரை இறந்தவரின் இடத்தில் வேறு ஆளைப் போட முடியாது. போட்டால் அவர் இறந்ததை விசாரணைக்கு முன்பே ஒப்புக்கொண்டதாகிவிடும். பஸ்காரர் தினமும் ஏழு மாடி ஏறினார். ஆய்வாளரின் அறை பூட்டிக் கிடந்தது. ஆய்வாளரோ பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பேப்பர் படித்தார்.

"சார், நான் உயிரோடதான் இருக்கேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா போதும்."

"யார் எழுதறது?"

"நீங்கதான் சார்."

"செத்தவன் எழுதினது எப்படிய்யா செல்லும்?" ஆய்வாளர் பேப்பரை மடித்தார். பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். "நெசத்தச் சொல்லட்டுமா? வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து இப்பதான் நிம்மதியா இருக்கேன். ஒருத்தனும் ஃபைல் தூக்கிட்டு வர்றதில்ல. சம்பளம் பாட்டுக்கு வருது."

"செத்தவங்களுக்குச் சம்பளம் வருமா சார்?"

"கணக்குப் பிரிவுக்கு இன்னும் தகவல் போகல. போக நாளாகும்." ஒரு வாய் டீ குடித்தார். "உயிரோட இருந்தப்பவும் நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல பஸ்காரரே. போட்டா பொறுப்பு வந்துடும். அப்பல்லாம் வர்றவங்க கிட்ட நாளைக்கு வாங்கன்னு சொல்லணும். சங்கடமா இருக்கும். இப்ப பாருங்க, யாருக்கும் சங்கடம் இல்ல."

"எம் பொண்ணுக்கு நாள் நெருங்குது சார்."

"கேள்விப்பட்டேன். கஷ்டம்தான்," என்றார் ஆய்வாளர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

பஸ்காரர் இயக்குநரிடமே போனார். சேவை வேண்டாம், அனுமதி வேண்டாம், ஒரே ஒரு தடவை போய் ஒரே ஒரு பெண்ணைக் கூட்டி வர விடுங்கள் என்றார்.

"தாராளமா. அவசர மருத்துவப் பயணத்துக்குத் தனி வழியே இருக்கே," என்றார் இயக்குநர். "நோயாளி நேர்ல இங்க வந்து விண்ணப்பிக்கணும். அவ்வளவுதான்."

"அவ இங்க வர முடிஞ்சா எனக்குப் பிளேன் எதுக்கு சார்?"

"நல்ல காரணம். அதையும் விண்ணப்பத்துல எழுதச் சொல்லுங்க."

மழை அந்த வாரம் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை நர்ஸ் போன் செய்தாள். வலி வந்துவிட்டது, நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, கொதிப்பு இறங்கவில்லை, கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறாள். இதைச் சொல்லிவிட்டு நர்ஸ் போனை வைக்காமல் அப்படியே பிடித்திருந்தாள்.

பஸ்காரர் கொட்டகைக்குப் போனார். மைத்துனன் விமானத்தின் படியில் உட்கார்ந்திருந்தான். அக்கா அவனுக்கும் போன் செய்திருந்தாள்.

"மாமா, இப்ப எடுத்தேன்னா அதுக்கப்புறம் நான் எதையும் ஓட்ட முடியாது. உங்களுக்கு ஜெயிலு."

"தெரியும்டா."

"மேகம் வேற கீழ எறங்கி நிக்குது."

"அதுவும் தெரியுது."

விமானி எழுந்தான். பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். "ஏறுங்க. கதவ மட்டும் நான் சொல்லாமத் தொறக்காதீங்க."

போகும்போது பஸ்காரர் வெளியே பார்க்கவில்லை. முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது. மலையூரில் சத்தம் கேட்டு ஜனங்கள் ஓடுதளத்துக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மகளைக் கட்டிலோடு தூக்கிவந்து ஏற்றினான். நர்ஸும் ஏறிக்கொண்டாள். கூடவே நெஞ்சு வலிக்காரர் ஒருவரையும் கால் முறிந்த ஒரு பெண்ணையும் ஏற்றினார்கள். இன்னும் பலர் மழையில் மூட்டையோடு நின்றார்கள். இடம் இருந்தது, ஆனால் அந்தச் சின்ன ஓடுதளத்தில், மழை ஈரத்தில், அதற்கு மேல் பாரம் ஏற்ற விமானி துணியவில்லை. "நாளைக்கு வரேன்," என்று அவர்களிடம் சொன்னான். மாப்பிள்ளை வரவில்லை. காற்றில் கம்பி அறுந்து ஊர் இருட்டில் கிடந்தது. லைன்மேன் அவன் ஒருவன்தான்.

பாதி வழியில், மேகத்துக்குள், குழந்தை பிறந்தது. பெண். நர்ஸ் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இரண்டு சத்தமும் கேட்டன.

கீழே ஆம்புலன்ஸ் நின்றது. பக்கத்தில் ஆணையத்தின் கார் நின்றது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் போவதைப் பார்த்துவிட்டுக் காரைத் திருப்பச் சொன்னார்.

மகள் பிழைத்தாள். இரண்டு நாள் கழித்து, கண் திறந்து பேச ஆரம்பித்தபின், பஸ்காரர் ஜெயிலுக்குத் தயாராக இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஏழு மாடி ஏறினார்.

"உக்காருங்க," என்றார் இயக்குநர். "ஒண்ணும் நடக்கல."

"சார்?"

"அனுமதி இல்லாத விமானம் இந்த வானத்துல பறக்க முடியாது. அதைத் தடுக்கத்தான் ஆணையம் இருக்கு. ஆணையம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப விமானம் பறக்கல."

"நீங்கதான் கார்ல உக்காந்து பாத்தீங்களே சார்."

"பாத்தேன். நான் பாத்ததை வெச்சு ஆணையம் எப்பவும் முடிவெடுக்கறதில்ல." ஒரு தாளை நகர்த்தினார். விமானம் கொட்டகையை விட்டு நகரவே இல்லை என்று அதில் இருந்தது. "கையெழுத்துப் போடுங்க. உங்க மச்சானுக்கும் கேஸ் இல்ல, உங்களுக்கும் இல்ல."

"எம் பேத்தி எங்க பொறந்தான்னு கேட்டா?"

"கொட்டகையில நின்ன விமானத்துல."

"எம் பொண்ணு மேலேர்ந்து எப்படி வந்தான்னு கேட்டா?"

இயக்குநர் முதல் தடவையாகச் சிரித்தார். "ரோட்டு வழியா. வேற எப்படி? அது சாலைத் துறை சமாச்சாரம். அவங்க சந்தோஷம்தான் படுவாங்க."

பஸ்காரர் மச்சானை நினைத்தார். பையிலிருந்த இரண்டு சட்டையை நினைத்தார். கையெழுத்துப் போட்டார்.

சாலைத் துறை சந்தோஷம்தான் பட்டது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, கொட்டும் மழையில், மலைச்சாலை வழியே பத்திரமாக இறங்கி வந்திருக்கிறாள் என்று ஆணையமே எழுத்தில் தெரிவித்ததும், அந்தச் சாலையைத் திரும்பப் போடும் வேலை தேவையற்றது என்று கைவிட முடிவு செய்தார்கள். அதற்கு முன் ஒரு அதிகாரியை அனுப்பி நேரில் விசாரித்துக்கொள்வது வழக்கம். வந்தவர் நாகரிகமானவர். செருப்பைக் கழற்றிவிட்டு வாடகை வீட்டுக்குள் வந்து, தூங்கும் குழந்தையைப் பார்த்து, அழகாக இருக்கிறாள் என்றார். பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

போன் அடித்தது. மேலிருந்து மாப்பிள்ளை. பின்னால் மழைச் சத்தம், யார் யாரோ பேசும் சத்தம்.

"மாமா, பிளேன் எப்ப வரும்? நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. ஜனங்க தெனமும் வந்து இங்கயே நிக்குது. ஒருத்தருக்கு ரொம்ப முடியல."

அதிகாரி பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கதவருகே வந்து நின்றாள். சோபாவில் விமானி கண்ணை மூடிக்கொண்டான்.

"எந்தப் பிளேன், மாப்பிள்ளை?" என்றார் பஸ்காரர்.



"யாரு, மேலேர்ந்தா?" என்றார் அதிகாரி. "நல்லதாப் போச்சு. ரோடு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

பஸ்காரர் கேட்டார்.

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது. அதிகாரி கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, மேலே வசிப்பவர்கள் தரப்பில் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டார்.